வாச்சர் மாவு

இரண்டு வருடமாக மேல்சோலை எஸ்டேட்டில் யாருடைய மலத்திலும் கொக்கிப்புழுவின் முட்டை இல்லை. நர்ஸ் ஜெபக்கனி மாதம் ஒருமுறை இருநூற்று நாற்பது டப்பிகளை வாங்கி, எண் ஒட்டி, ஆய்வுப் பெட்டிக்குள் வைப்பாள். பெட்டி ஒரு மணி நேரம் முனகும். பிறகு எல்லா எண்ணுக்கும் நேராகப் பூஜ்யம் காட்டும்.

முன்பு அப்படி இல்லை. புழு ஈர மண்ணில் இருந்தது. தேயிலைக் காட்டில் வெறுங்காலோடு நின்றவர்களின் தோலைத் துளைத்து ஏறியது. குடலுக்குப் போய்ச் சுவரைக் கவ்வி ரத்தம் குடித்தது. மாத்திரை கொடுத்தால் போகும், அடுத்த மழையில் திரும்ப வரும். பெண்கள் வெளுத்துப்போன நகங்களோடு கொழுந்து பறித்தார்கள்.

பிறகு ஒரு கம்பெனி ஒரு பாக்டீரியாவை உண்டாக்கியது. ஒரு வாய் குடித்தால் போதும். குடலில் தங்கிவிடும். அது இருக்கும் இடத்தில் புழுவால் கவ்வ முடியாது. அதன் பெயர் நீளமாக இருந்தது. எஸ்டேட்டில் காவல்காரனைச் சொல்வது போல அதை வாச்சர் என்றார்கள்.

வாச்சருக்குத் தினமும் தீனி வேண்டும். கம்பெனி அனுப்பும் ஒரு மாவைத் தவிர வேறு எதையும் தின்னத் தெரியாதபடி அதைச் செய்திருந்தார்கள். மாவு இல்லாத உடம்பில் மூன்று நாளில் அது செத்துவிடும். ஊருக்குள் பரவாமல் இருக்க அதுதான் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். காலி உறையைத் திருப்பித் தர வேண்டும்.

"எங்க வீட்டு வாச்சரு குடிச்சிட்டுத் தூங்குது," என்று நாலாம் கேங்கின் மாரித்தாய், எஸ்டேட் வாச்சரான தன் புருஷனைப் பற்றி எல்லாரிடமும் சொல்வாள். "வயித்துல இருக்குற வாச்சருதான் ஒழுங்கா டூட்டி பாக்குது."

ஆகஸ்டில் நாலாம் கேங்கின் ஏழு பெண்களுக்கும் ரத்த அளவு இறங்கியது. மாரித்தாய்க்குப் பதினொன்றே காலிலிருந்து பத்தரை. அடுத்த மாதம் ஒன்பது புள்ளி எட்டு. முட்டை இல்லை. காலி உறைகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களா, மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார்களா என்று ஜெபக்கனிக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் இருபத்துமூன்றாம் நம்பர் காட்டுக்கு ஏறிப் போனாள்.

மழை விட்டிருந்தது. பாறை மேல் தார்ப்பாய் விரித்து நடுவில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி வைத்திருந்தார்கள். எல்லாருடைய தூக்குவாளியும் அதில் கவிழ்ந்திருந்தது. சோறு, ரசம், உருளைக்கிழங்கு, கருவாடு. நாலாம் கேங்கில் அதுதான் பழக்கம். ஒரே சட்டியில் கொட்டி மாரித்தாய் பிசைவாள். உருட்டி ஒவ்வொரு கையிலும் வைப்பாள். யார் வீட்டில் என்ன ஆக்கினார்கள், யார் வீட்டில் ஆக்கவில்லை என்பது சட்டிக்குத் தெரியாது.

"சிஸ்டரம்மா மலையேறி வந்திருக்காங்க," என்றாள் மாரித்தாய். "யாரு செத்தா?"

"யாரும் சாகல. சாப்பிடுங்க."

"ஒரு உருண்ட?"

"சாப்பிட்டுட்டேன்."

அது பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. மாரித்தாய் ஏழு மாவுப் பாக்கெட்டையும் பல்லால் கிழித்துச் சட்டியில் கொட்டினாள். வெந்த கிழங்கின் வாசனை வந்தது. சட்டியைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள்.

எட்டாவது ஆள் பூமணி. ஒன்பதாவது அவள் தங்கை எத்வாரி. ஜார்க்கண்டிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. அக்காவின் பெயர் ஃபூல்மணி. கேங்கில் அதைப் பூமணி ஆக்கிவிட்டார்கள். ஊரிலிருந்து அவர்களோடு வந்த மற்ற இருபத்தொன்பது பேரும் தனி கேங்கில் வேலை செய்தார்கள். எல்லாருமே பழைய இலை உலர்த்தும் ஷெட்டில் தங்கியிருந்தார்கள். திட்டம் தொடங்கியபோது அவர்கள் இங்கே இல்லை. அதனால் அவர்களுக்கு வாச்சரும் இல்லை, மாவும் இல்லை.

"ஏழு பேரு மாவு," என்றாள் ஜெபக்கனி. "ஒம்பது பேரு சாப்பிடுறீங்க."

"ரெண்டு பேரு வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எங்களுக்கு எறங்குமா?"

"இது சோறு இல்லக்கா. வாச்சர் இருக்குறவங்களுக்குத்தான். இவங்களுக்கு எதுக்கு?"

மாரித்தாய் ஒரு உருண்டையைப் பூமணியின் கையில் வைத்தாள்.

"இருக்கு," என்றாள்.

"என்ன இருக்கு?"

"வாச்சரு. இவளுக்கும் இருக்கு, சின்னவளுக்கும் இருக்கு."

"யாரு சொன்னா?"

"வயிறு சொல்லுது. ஞாயித்துக்கெழம காட்டுக்கு வர மாட்டோம், இவளுக்கு மாவு கெடையாது. சாயங்காலமே வயித்தப் புடிச்சிக்கிது. திங்கக்கெழம காலையில கறுப்பாப் போகுது. மத்தியானம் இந்தச் சட்டியில தின்னா செவ்வாக்கெழம சரியாயிருது. போன மாசம் மழைக்கு மூணு நாள் காட்டப் பூட்டுனான்ல, மூணு நாளும் ரத்தம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மாவு தருவீங்களா?"

லூர்துமேரி வாயில் சோற்றோடு சொன்னாள். "டாக்டரு கண்டுபுடிக்காதத நாங்க கண்டுபுடிச்சிருக்கோம். எங்களுக்கும் ஒரு வெள்ளக் கோட்டு வாங்கிக் குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூமணி மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"சிஸ்டர்," என்றாள். "வேலை போகுமா?"

"போகாது," என்றாள் ஜெபக்கனி. அது அவள் கையில் இல்லை.

அன்று மாலை இருவருடைய டப்பிகளையும் பெட்டிக்குள் வைத்தாள். புழு பூஜ்யம். வாச்சர் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு இரண்டுக்கும் எரிந்தது. அடுத்த இரண்டு நாளில் ஷெட்டில் இருந்த மற்ற இருபத்தொன்பது பேரிடமும் டப்பி வாங்கினாள். ஒருவருக்கும் பச்சை எரியவில்லை.

கோயம்புத்தூரில் இருந்த டாக்டர் சுகந்தனுக்குப் போன் செய்தாள். திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது.

"மாவு இல்லாட்டி மூணு நாள்ல செத்துரும்னு சொன்னீங்க சார்."

"செத்திருக்கணும்."

"சாகல."

அவர் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"குடல் சுவர் மேல வழவழன்னு ஒரு படலம் இருக்கும் ஜெபக்கனி. அதுலயும் ஒரு மாதிரிச் சர்க்கரை உண்டு. மாவு கெடைக்காதப்ப அத நக்கக் கத்துக்கிட்டிருக்கு. படலம் தீந்தா அடுத்தது சுவர்."

"அப்ப புழு செஞ்ச வேலையத்தான் இதுவும் செய்யுது."

"புழு வயித்துக்குள்ள குட்டி போட்டுப் பெருகாது. இது பெருகும்."

"மருந்து குடுத்து எடுத்துற முடியாதா?"

"குடுக்கலாம். உள்ள இருக்குற நல்லது கெட்டது எல்லாம் போகும். காலியான குடல்ல முதல்ல திரும்ப முளைக்கிறது இதுதான். எலியில பாத்துட்டோம்."

"அப்ப மாவு அனுப்புங்க சார். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்."

"அவங்க பேரு லிஸ்ட்ல இல்ல. சேக்கணும்னா எப்படி வந்துச்சுன்னு எழுதணும். ஆள்விட்டு ஆள் பரவுதுன்னு எழுதுன அன்னிக்கே திட்டத்த மூடுவாங்க. மூடுனா மாவு ஆலையும் மூடும். உங்க இருநூத்து நாப்பது பேரு வயித்துல இருக்குறது அப்புறம் என்னத்தத் திங்கும்? சொல்லுங்க."

ஜெபக்கனி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நான் கமிட்டில தனியாப் பேசறேன்," என்றார். "அடுத்த கூட்டத்துக்கு ஆறு வாரம் ஆகும். மாவப் பங்கு போடுறாங்கன்னு மட்டும் இப்ப ஒரு அறிக்கை எழுதி வைங்க."

எழுதினாள். ஏழு பேருடைய மாவை ஒன்பது பேர் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் போதவில்லை என்று எழுதினாள். படிக்கிற எவரும் இரண்டு பாக்கெட் கூட அனுப்புவார்கள் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. அரை வயிற்று வாச்சர் பதிவு பெற்றவர்களின் உயிருக்கு ஆபத்து. இனி பாக்கெட்டை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. காலையில் பெரட்டு நடக்கும் இடத்திலேயே நர்ஸ் கரைத்துக் கொடுத்து, எதிரில் நின்று குடிக்க வைக்க வேண்டும். குடித்தபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம் ஆறே முக்கால். மறுநாள் பனிக்குள் ஒரு மேசை, ஒரு டிரம் சுடுதண்ணீர், டம்ளர்கள். எண் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அவர்களுடைய மலத்தை, ரத்தத்தை, மாதவிலக்குத் தேதியை ஜெபக்கனி பார்த்திருக்கிறாள். வாய்க்குள் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மாரித்தாய் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"சந்தையில மாடு வாங்குறவந்தான் பல்லப் பாப்பான்," என்றாள்.

"மேல இருந்து ஆர்டருக்கா."

"நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா."

"என்னன்னு?"

"உங்களுக்கு மாவு பத்தலன்னு."

மாரித்தாய் வாயைத் திறந்தாள். ஜெபக்கனி பார்த்தாள். மாரித்தாய் மூடிக்கொண்டாள்.

எடை போடும் கொட்டகை ஓரத்தில் பூமணியும் எத்வாரியும் நின்றிருந்தார்கள். கிழங்கு வாசனை அதுவரைக்கும் போயிருக்கும். நாலாம் கேங்கின் ஏழு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

வாரம் இரண்டு பாக்கெட் கிழிந்து வந்ததாக ஜெபக்கனி எழுதினாள். அந்த இரண்டையும் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பூமணியிடம் கொடுத்தாள். ஆளுக்கு ஒன்று என்று கையைக் காட்டிச் சொன்னாள். பூமணி தலையாட்டினாள். இரண்டாவது முறை எழுதியதும், இனி கிழிந்த பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பவும் என்று செய்தி வந்தது.

எதிரில் நின்று குடிக்க வைக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பூமணி சரிவில் நடந்து இறங்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். மாரித்தாயும் லூர்துமேரியும் தார்ப்பாயில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். புழு மாத்திரையும் கொடுத்தார்கள்.

"புழு இல்ல டாக்டர்," என்றாள் ஜெபக்கனி. "நான் பாத்துட்டேன்."

"எஸ்டேட்டுல இருந்து வர்ற எல்லாருக்கும் புழுதான் சிஸ்டர்," என்றார் டூட்டி டாக்டர். அவர் வயது இருபத்தைந்து இருக்கலாம். கெட்டவராகத் தெரியவில்லை.

எத்வாரி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் நகத்தில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. ஜெபக்கனி அதைக் கவனித்தாள்.

"ரெண்டு வாரமும் மாவ யாரு தின்னது?"

எத்வாரிக்குத் தமிழ் அக்கா அளவுக்கு வராது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"ரெண்டு பாக்கெட்டுமா?"

"தீதி, அக்கா, பொய் சொல்லுச்சு. நான் சாப்ட்டேன், நீ சாப்டுன்னு."

பூமணி கண் திறந்திருந்தாள். அவர்கள் பேசியது கேட்டதா என்று தெரியவில்லை.

"சிஸ்டர்," என்றாள். "எத்வாரிக்கு இன்னிக்கு மாவு?"

"குடுத்தாச்சு."

பத்தொன்பதாம் நாள் பூமணி இறந்தாள். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் சுடுகாட்டில் புதைத்தார்கள். கேங்குக்கு அரை நாள் லீவு கொடுத்தார்கள்.

அன்று மாலை மாரித்தாய் டிஸ்பென்சரிக்கு வந்தாள். குளித்திருந்தாள். முடி ஈரமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்கக்கா."

உட்காரவில்லை. "அந்தப் புள்ளைங்களுக்கு வாச்சரு எப்படிப் போச்சு?"

"கக்கூஸ்ல இருந்து போயிருக்கும்."

"அவங்க கக்கூஸு தனி."

"ஓடைத் தண்ணியா இருக்கும்."

"ஓடைத் தண்ணிய அந்த ஷெட்டுல முப்பத்தோரு பேரும்தான் குடிச்சாங்க. எல்லார்கிட்டயும் டப்பி வாங்குனீங்களே, மத்தவங்களுக்கு இருந்துச்சா?"

ஜெபக்கனி மேசையில் இருந்த டப்பிகளை வரிசையாக்கினாள்.

"பிசையுறது நான்," என்றாள் மாரித்தாய். "ஒம்பது வருசமா நான்தான் பிசையுறேன்."

"தெரியாமச் செஞ்சதுக்கா."

"தெரியாமத்தான். வந்த புதுசுல ரெண்டும் ஆளுக்கொரு ரொட்டிய வச்சிக்கிட்டு எட்டத்துல உக்காந்திருக்கும். வாங்கன்னா வராது. மூணு நாள் கூப்புட்டேன். நாலாம் நாளு கையப் புடிச்சி இழுத்துட்டு வந்து சட்டிகிட்ட உக்கார வச்சேன்."

வெளியே யாரோ பால் வண்டிக்குக் குரல் கொடுத்தார்கள்.

"கமிட்டி எப்ப?" என்றாள் மாரித்தாய்.

"பதினாலாந்தேதி."

"சின்னவ அதுவரைக்கும் தாங்குமா?"

"பாக்கலாம்."

"எத்தன பேரு இப்படிப் பாக்கலாம்னு சொல்லி நான் பாத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு மாரித்தாய் போனாள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் நாலாம் கேங்கின் முறை வந்தது. ஜெபக்கனி போனில் இருந்த பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நூத்திப் பதினேழு. மாரித்தாய்."

எத்வாரி வந்தாள். கழுத்தில் நூற்றுப் பதினேழாம் எண் அட்டை தொங்கியது.

"மாரித்தாய்," என்றாள் எத்வாரி. யாரோ சொல்லிக் கொடுத்து, பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். 'ழ'வும் 'ற'வும் இல்லாத பெயர். சரியாக வந்தது.

மற்ற ஆறு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசைக்கு வெளியே மாரித்தாய் கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கணக்குப்பிள்ளை தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனி பாக்கெட்டைக் கிழித்தாள். கரைத்தாள். எத்வாரி குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். வாயைத் திறந்தாள். ஜெபக்கனி நூற்றுப் பதினேழுக்கு நேராக, குடித்தார் என்று அழுத்தினாள்.

பெரட்டு கலைந்ததும் மாரித்தாயின் பின்னால் பாதி மேடு ஏறினாள்.

"ஆளுக்கு ஒரு நாளா முறை வச்சிருக்கலாம்லக்கா. ஏழு பேரு இருக்கீங்க."

"அவளுகளும் அதத்தான் சொன்னாளுக. நான் வேண்டான்னுட்டேன்."

"உங்களுக்குள்ள இருக்குறது சும்மா இருக்காது."

"அது என்னையத்தான திங்கும்," என்றாள் மாரித்தாய். "திங்கட்டும். அவளுக்குப் பத்தொம்பது வயசு."

அதன்பின் மத்தியானத்தில் நாலாம் கேங் சட்டியை எடுக்கவில்லை. அவரவர் தூக்குவாளியை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். லூர்துமேரிதான் இதை ஜெபக்கனியிடம் சொன்னாள். பேச்சும் இல்லையாம். எத்வாரியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்களாம். மாரித்தாய் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாளாம். கூப்பிட்டால் வருவதில்லையாம்.

மாதப் பரிசோதனை வந்தது. நூற்றுப் பதினேழு என்று எழுதிய குழாயில் எத்வாரியின் ரத்தத்தை எடுத்தாள் ஜெபக்கனி. வேறு வழி தெரியவில்லை. மாரித்தாயின் விரலைத் தனியாகக் குத்திப் பார்த்தாள். ஏழு புள்ளி ஒன்று. அதை எழுதுவதற்கு எங்கேயும் கட்டம் இல்லை.

பதினோராம் தேதி காலையில் டாக்டர் சுகந்தன் போன் செய்தார். குரலில் உற்சாகம் இருந்தது.

"நாலாம் கேங் ரிசல்ட்டப் பாத்தேன். ஏழு பேருக்கும் ஏறுது. அதுவும் நூத்திப் பதினேழு பாருங்க. பங்கு போட்டப்ப ஒம்பது புள்ளி எட்டு. எதிர்ல நின்னு குடிக்க வச்சதும் பத்து புள்ளி மூணு."

"சார், அந்த ரெண்டு பாக்கெட்."

"அதுக்குத்தான் கூப்புட்டேன். செத்துப்போன பொண்ணுக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள்ல, மாவு இல்லாமலே தாங்கிட்டா பாருங்க. அப்ப அது எல்லாருக்கும் ஆபத்து இல்ல. மாவ யாருக்கும் கூட்ட வேண்டியதில்ல, பங்கு போடாமப் பாத்துக்கிட்டாப் போதும். கமிட்டில இதத்தான் காட்டப் போறேன். திட்டம் நிக்காது. உங்க இருநூத்து நாப்பது பேருக்கும் பயமில்ல."

ஜெபக்கனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எத்வாரி படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு லூர்துமேரியின் பின்னால் மேடேறிக்கொண்டிருந்தாள். நின்று மூச்சு வாங்கவில்லை.

"ஜெபக்கனி. கேக்குதா?"

உண்மையைச் சொன்னால் அந்த அட்டையை எத்வாரியின் கழுத்திலிருந்து இன்றைக்கே கழற்றுவார்கள்.

"கேக்குது சார்," என்றாள்.

"நூத்திப் பதினேழு இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

மாரித்தாய் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. பட்டியலில் அவள் இன்று காலை குடித்திருந்தாள்.